கோணல் வெட்டு

எங்கள் பகுதி மருந்துக்கடைக்காரர்கள் மாதம் ஒரு முறை கூடுவார்கள். வேலையை விட்டு நின்ற பிறகும் என்னைக் கூப்பிடுகிறார்கள். டீயும் மசால் வடையும் உண்டு என்பதால் நானும் போய்விடுகிறேன். போன கூட்டத்தில் இளம் பார்மசிஸ்டுகளுக்குள் பெரிய வாக்குவாதம். மருந்தாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்றது ஒரு கட்சி. பட்டியல் எதற்கு, பொறுப்பான இன்னொரு மருந்தாளர் அதே இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாரோ அதுதான் அளவுகோல், அதை வைத்து நம்மைக் கேள்வி கேட்கட்டும் என்றது இன்னொரு கட்சி. கத்தி ஓய்ந்து, கடைசியில் என் பக்கம் திரும்பி, "அண்ணா, உங்க காலத்துல எது வரைக்கும் போவீங்க?" என்றார்கள்.

நான் மருந்தாளர் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றே வயசானவன். வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு ஆரம்பித்தது. மரியாதையாகக் கேட்டார்களே, ஒன்றும் சொல்லாமல் வந்தது திமிர் என்று நினைத்திருப்பார்களோ? தூக்கம் போச்சு. எனக்கு எதற்கும் அப்படித்தான். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த கடை மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் இருந்தது. முதலாளி ஏகாம்பரம் அந்தப் பக்கத்து ஆள். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம், இவர் காலத்தில் மனைகளாகப் போனது. ரோட்டை ஒட்டி வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார். ஒன்றை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப் போட்டார். மளிகைக் கடைக்காரனை 'யோவ்' என்பார்கள், மருந்துக் கடைக்காரனை 'சார்' என்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

ஷட்டர் தூக்கவும் பாட்டில் துடைக்கவும் என்னைச் சேர்த்தார். அப்போது எண்பதுகளின் தொடக்கம். டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்க இரண்டு மூன்று வருடம் ஆனது. என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

கடைக்கு மருந்தாளர் இருந்தார், சுவரில். அவருடைய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைக்கும்போது அந்தச் சட்டத்துக்கும் ஒரு பொட்டு வைப்போம். மற்றபடி அவருக்கும் கடைக்கும் சம்பந்தம் கிடையாது.

அந்த நாட்களில் ஜனங்கள் டாக்டர் சீட்டு கொண்டுவருவதே அபூர்வம். "காய்ச்சலா கீது, ஒரு செட் குடு" என்பார்கள். செட் என்றால் ஒரு வேளைக்கு மூன்று நான்கு மாத்திரை, சின்னக் காகிதக் கவரில். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று, கூடவே பலத்துக்கு ஒன்று. முதலாளி சொன்னபடி நான் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, பீர்க்கன்கரணையில் இருந்த என் வீட்டுக்கு சைக்கிள் மிதிக்கும்போது வழியெல்லாம் அதே நினைப்பு. அந்த ஆளுக்கு வேறு ஏதாவது வியாதி இருந்திருந்தால்? மறுநாள் அவர் பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு நாள் மருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டி, "இவர் எங்கே?" என்றார். டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றார் முதலாளி. இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் ஆயிற்று. அந்த டீ முடியவே இல்லை. கடையைச் சில நாள் மூடச் சொன்னார்கள். திரும்பத் திறக்க வேண்டுமானால் நிஜமான மருந்தாளர் உட்கார வேண்டும் என்று ஆகிவிட்டது.

அப்படி வந்தவர்தான் எஸ்தர் மேடம். கீழ்க்கட்டளையில் இருந்து பஸ்ஸில் வருவார். டிப்ளமா முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். தானே தைத்த வெள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். முதலாளி அதைப் பார்த்து, "இன்னாமா, ஊசி போடப் போறியா?" என்று சிரித்தார். அவரும் சிரித்தார். கோட்டைக் கழற்றவில்லை.

என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். சட்டப்படி நான் மருந்தைத் தொடவே கூடாதே. நாலு நாள் அவர் கண்ணில் படாமல் பின்னால் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். அவரே கூப்பிட்டார். "அண்ணா, நான் மருந்தை எடுத்து டிரேல வைப்பேன். நீங்க வெட்டி கவர்ல போடுங்க. போட்டதை நான் இன்னொரு தடவ பாத்துட்டுதான் வெளிய போகணும். நான் இல்லாதப்ப எதுவும் போகக் கூடாது. சரியா?" என்றார். சரி என்றேன். அதற்கப்புறம் அந்த ஒழுங்கு மாறவே இல்லை.

சீட்டு வந்தால் முதலில் முழுசாகப் படிப்பார். பிறகு மூன்று கேள்வி. மருந்து யாருக்கு? எதற்கென்று டாக்டர் சொன்னார்? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அவசரமாக வந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்ளோ கேக்க மாட்டான்மா" என்றார் ஒரு ஆட்டோக்காரர். "அங்க மாத்திரை தர மாட்டாங்களே அண்ணா" என்றார் இவர்.

செட் கேட்டு வருகிறவர்களை வெறுமனே விரட்டவும் மாட்டார். எத்தனை நாளாகக் காய்ச்சல், தண்ணீர் குடிக்க முடிகிறதா, தடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து, சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடிய காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுப்பார். மிச்சத்துக்கு டாக்டரிடம் போகச் சொல்வார். எந்த டாக்டர், எத்தனை மணிக்கு இருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

என் கவலைக் குணம் அவருக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஊரெல்லாம் அதைக் கேலி பண்ணும்; அவர் பண்ணவில்லை. சாயங்காலம் கிளம்பும் முன், "இன்னைக்கு என்ன கவலை, சொல்லுங்க" என்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். "இது வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேண்டாம், நான் பாத்துட்டேன்" என்பார் ஒன்றுக்கு. "இது நியாயமான கவலை. நாளைக்கு அந்தப் பாட்டி வந்தா கேட்டுடுவோம்" என்பார் இன்னொன்றுக்கு. பாதிக் கவலை கடையிலேயே இறங்கிவிடும். அந்த வருடங்களில்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

மாத்திரை வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி ஒரு ஓரத்தில் இருக்கும். அந்த ஓரத்தைக் கடைசி வரை கடையில் வைத்துக்கொண்டு, மறு ஓரத்தில் இருந்துதான் வெட்டிக் கொடுக்க வேண்டும். அப்போதைய சில அட்டைகளில் மருந்தின் பெயரும் அந்த ஓரத்தில் மட்டுமே இருக்கும். ஆக, வாங்கிப் போகிறவர் கையில் இருப்பது வெறும் வெள்ளித்தாள். பெயர் எங்களிடம், மாத்திரை அவர்களிடம்.

எனக்கு நேராக வெட்ட வராது. கத்தரிக்கோல் குழிக்குள் இருக்கும் மாத்திரையில் பட்டுவிடுமோ என்று பயந்து, குழியைச் சுற்றி வளைத்து வளைத்துப் போவேன். ஓரம் மலைத்தொடர் மாதிரி இருக்கும். "இப்படிக் கோணலா வெட்டுறதுக்கு தமிழ்நாட்டுல வேற ஆளே கிடையாது அண்ணா" என்பார் எஸ்தர் மேடம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தரட்டுமா என்றும் கேட்பார்.

இதற்கிடையில் முதலாளி தலைகீழாக மாறியிருந்தார். முன்பு எது கேட்டாலும் கொடு என்றவர், இன்ஸ்பெக்டர் பயத்தில், சீட்டு இல்லாமல் தலைவலித் தைலம் கூடக் கொடுக்காதே என்று ஆரம்பித்தார். "ரூல் இன்னா சொல்லுதோ அத்த செய். உன்னை யாரும் யோசிக்கச் சொல்லல" என்பார். எஸ்தர் மேடம் பதில் பேச மாட்டார். ஒரு தரம் என்னிடம் மட்டும் சொன்னார்: "எல்லாத்தையும் குடுக்கிறதும் எதையும் குடுக்காம இருக்கிறதும் ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா. ரெண்டுலயும் எதிர்ல நிக்கிற ஆளைப் பாக்க வேண்டியதில்ல."

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. ஏரிகள் நிரம்பி, பள்ளத் தெருக்களில் எல்லாம் தண்ணீர். கடைக்குள்ளும் ஒரு இரவு தண்ணீர் வந்து, கீழ்த்தட்டில் இருந்த பில் புத்தகங்கள் ஊறிக் கூழாகிவிட்டன. போனும் செத்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல், இடுப்பு வரை நனைந்த புடவையோடு சரோஜா வந்தார். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. வீட்டு வேலை செய்கிறவர். அவர் மகள் கலாவுக்கு வலிப்பு நோய். பதினாறு வயசிருக்கும். எங்கள் கடையில்தான் மாத்திரை வாங்குவார்கள்.

"வூட்டுல தண்ணி பூந்துடுச்சும்மா. சீட்டு, மாத்திரை எல்லாம் பூட்டுது. ரெண்டு ராத்திரியா போடல. இத்த மட்டும்தான் எடுத்துகினு வந்தேன்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே காலியான வெள்ளித்தாள் துண்டு ஒன்று. பெயர் இல்லை. முந்தின வருஷம் இப்படி மாத்திரை விட்டுப்போன சமயத்தில்தான் அந்தப் பெண் எரிகிற ஸ்டவ் மேலேயே விழுந்திருந்தாள். கையில் தழும்பை நானே பார்த்திருக்கிறேன்.

எஸ்தர் மேடம் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். காலையில் இருந்து கலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கை இரண்டு தரம் வெட்டி இழுத்ததாம். டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டாளாம். அதைக் கேட்டதும் மேடத்தின் முகம் மாறியது. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு இப்போதே கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். தெருவில் இருந்து பெண்ணை வெளியே கொண்டுவரவே ஆள் வேண்டும், வண்டி எதுவும் உள்ளே வராது என்றார் சரோஜா.

எங்களுக்கு இருந்த சிக்கல் வேறு. அந்த மாத்திரை முப்பது மில்லிகிராமிலும் உண்டு, அறுபதிலும் உண்டு. இரண்டும் வெள்ளை, அட்டையும் ஒரே மாதிரி. எத்தனை என்பது பெயர் இருக்கும் ஓரத்தில் மட்டும்தான் அச்சாகி இருக்கும். கலாவுக்கு எது என்று சரோஜாவுக்குத் தெரியவில்லை. "ராத்திரிக்கு ஒண்ணு, சின்னதா, வெள்ளையா." அவ்வளவுதான். எஸ்தர் மேடத்துக்கு அறுபது என்று ஞாபகம். ஆனால் ஞாபகத்தை நம்பிக் கொடுக்க மாட்டேன் என்றார்.

முதலாளி கல்லாவில் இருந்து எழுந்து வந்தார். "சீட்டு இல்ல, இன்னா மாத்திரைன்னும் தெரியல. இல்லன்னு சொல்லி அனுப்பும்மா. பேஜாராப் பூடும். உன் சர்டிபிகேட்டும் போவும், என் லைசென்சும் போவும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சட்டம் அதுதான். சரோஜா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் மேடம் அந்த வெள்ளித்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார். சட்டென்று, "அண்ணா, அந்த ரெண்டு டப்பாவையும் எடுங்க" என்றார். முப்பது டப்பாவில் பாதி வெட்டிய அட்டை ஒன்று இருந்தது. அறுபதில் ஒன்று இருந்தது. அந்த மருந்தை எங்கள் கடையில் வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. முப்பதின் ஓரத்தில் இந்தத் துண்டை வைத்தார். மேடும் மேடும் இடித்தன. அறுபதின் ஓரத்தில் வைத்தார். என் கோணல், வளைவுக்கு வளைவு, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில் மயிரிழை கூடத் தெரியவில்லை.

"ஸ்கேல் வாங்கித் தராதது நல்லதாப் போச்சு" என்றார்.

அதோடு கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. "என்ன மாத்திரைன்னு தெரிஞ்சுது. குடுக்கலாமான்னு இன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டு, என்னைச் சேலையூரில் இருந்த கலாவின் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை முழுக்கத் தண்ணீர். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி, கிழக்குப் பக்கம் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்தேன். டாக்டர் பட்டணத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், நாளைக் காலைதான் வருவார் என்றார் அவர் மனைவி மாடியில் இருந்தபடியே. திரும்பி வரும் வழியெல்லாம், இல்லை என்ற இந்த ஒரு சொல்லை அந்தப் பெண்ணின் அம்மாவிடம் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எஸ்தர் மேடம் கவர் ஒன்றை எடுத்தார். முதலாளி, "நான்தான் சொன்னேனே" என்று தொடங்கினார். மேடம் அவரை மறித்துப் பேசியது அன்று ஒரு நாள்தான்.

"சார், என் இடத்துல என்னைவிட நல்லாப் படிச்ச ஒருத்தர் இருந்தா, இந்த அம்மாவை வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. மொத்தமாவும் குடுக்க மாட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு குடுக்கிறேன், இன்னைக்கு ராத்திரிக்கு. என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறேன். யார் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்றேன்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, சரோஜாவின் நனைந்த காலைப் பார்த்துவிட்டு, கல்லாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பொருந்திய அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, புது அறுபது அட்டை ஒன்றை டிரேயில் வைத்தார் மேடம். நான் வெட்டினேன், வழக்கத்தைவிடக் கோணலாக. அவர் பார்த்தார். கவரில் பெயரையும் அளவையும் எழுதினார். படுக்கும் முன் ஒன்று, இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது, ஸ்டவ் பக்கம் விடக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வை, மயக்கமாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ வலிப்பு வந்து நிற்காவிட்டாலோ தெரு ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்று சொல்லி, சரோஜாவைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். பிறகு என்னிடம், "உங்க வீட்டுப் பக்கம்தானே அண்ணா. காலைல வரும்போது ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார்.

அன்று இரவு என் நிலைமையை எழுதத் தேவையில்லை. விடிந்ததும் போனேன். மழை விட்டிருந்தது. கலா வாசற்படியில் கால்களைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்து, மிதந்து வந்த செருப்புகளில் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா அண்ணா, உன் செருப்பு எதனா வந்துச்சான்னு பாக்குறியா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் வந்தது.

அங்கிருந்து நேராகச் சேலையூர். டாக்டர் அப்போதுதான் வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "எத்தனை குடுத்தாங்க?" என்றார். ஒன்றுதான் என்றேன். "எந்த அளவு?" அறுபது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டிலும் அறுபதுதான் இருந்தது. மேம்பாலத்தின் மேலே நின்று, அந்த எண்ணை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் பெயர் எழுதாத கவர் வெளியே போகவில்லை. ஒரு மாத்திரை வெட்டினாலும் பெயர், அளவு, யாருக்கு. முதலாளியே பேனா வாங்கிப் போட்டார்.

பொங்கல் கழிந்து அதே இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் எதையும் கேட்பதற்கு முன்பே எஸ்தர் மேடம், தான் எழுதி வைத்திருந்ததையும், பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்த அந்த இரண்டு வெள்ளித்தாளையும் அவர் முன் வைத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி, வெட்டு ஓரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். டாக்டருக்கு ஆள் அனுப்பினீர்களா என்றார். ஒன்றுக்கு மேல் ஏன் கொடுக்கவில்லை என்றார். டாக்டர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றார். ஒவ்வொன்றுக்கும் மேடம் நிதானமாகப் பதில் சொன்னார். அவருடைய கோட்டுப் பொத்தானை அவர் விரல் திருகிக்கொண்டே இருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த ஒரு சான்றிதழை நம்பித்தான் அவர் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தாளை மடக்கி மேடத்திடமே திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

மேடம் வாயைத் திறந்தார். கடைசியாக சரோஜா வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை.

"நேத்து சாயங்காலம் வாசல்ல உக்காந்து பூ கட்டிக்கினு இருந்துச்சு சார்" என்றேன் நான். "அதுக்கு மொத நாள் தண்ணி லாரிகிட்ட கொடத்துக்கு சண்டை போட்டுச்சு. நல்லா கீது சார்."

ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னதோடு எஸ்தர் மேடம் அதை மறந்திருந்தார். தினமும் ஏரிக்கரைத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் நான் வீட்டுக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.